நான்கு தலைமுறையும் ஒரே வண்டியில்: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்புபவர்களுக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரம்தான், ஆனால் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரியில் இருக்கிறது. இருந்தும் முழங்கால் வலிக்காரர் ஒருவர், கைக்குழந்தை ஒன்று, நடுவில் ஏழெட்டுப் பேர் என்று கிளம்பும்போது ரயில் பிடித்து, இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஆறு வீட்டுக்குப் போவது நடக்கிற காரியமா? நம் பக்கத்தில் குடும்பத்தோடு ஊருக்கு என்றால் ரோடுதான்.

ஏற்பாடு செய்யும் பொறுப்பு யாராவது ஒருவர் தலையில்தான் விழும். இந்தக் கட்டுரை அவருக்கு. எங்கள் வீட்டில் அந்தத் தலை என்னுடையது. எண்பதைத் தாண்டிய எங்கள் ஆயாவிலிருந்து அக்காவின் குழந்தை வரை ஏற்றிக்கொண்டு மதுரைப் பக்கமும் பெங்களூருப் பக்கமும் போய்வந்ததில் பட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வீடுகளின் பட்டியல், அப்புறம்தான் வண்டி

எல்லோரும் வண்டியில்தான் தொடங்குவார்கள். வேண்டாம். எந்தெந்த வீட்டுக்குப் போகிறோம் என்று முதலில் எழுதுங்கள். நாளுக்கு இரண்டு வீடு, அதற்கு மேல் கூடாது. "காபி மட்டும் குடிச்சிட்டுக் கிளம்பிடறோம்" என்று நுழைகிற வீட்டில் ஒன்றரை மணி நேரம் போய்விடும். ஆளுக்கொரு தட்டில் மிக்சரும் இனிப்பும் வரும், வேண்டாமென்றால் மனஸ்தாபம். நான்கு வீடு போட்டால் நான்காவது வீட்டுக்கு இரவு பத்து மணிக்குப் போய், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, சமைத்து வைத்துக் காத்திருப்பவர்களிடம் "பசியில்லை" என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வீட்டுக்கு நிம்மதியாகப் போய்விட்டு, மற்றவர்களை அந்த வீட்டுக்கே வரச் சொல்வது எவ்வளவோ மேல்.

வரிசையும் முக்கியம். துக்கம் கேட்க வேண்டிய வீடு பட்டியலில் இருந்தால் அதைக் கடைசியில் வையுங்கள். அங்கிருந்து நேராக இன்னொரு வீட்டுக்குள் நுழைவதைப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எந்தக் கிழமையில் துக்கம் கேட்கப் போகலாம் என்பதும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். பத்திரிகை வைக்கிற பயணமாக இருந்தால் முதல் பத்திரிகை யாருக்கு என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். தாய்மாமன் வீட்டுக்கு முன்னால் வேறு வீட்டுக்குப் போன செய்தி, வண்டி போய்ச் சேர்வதற்குள் போனில் போய்ச் சேர்ந்திருக்கும்.

தங்கப்போகும் வீட்டுக்குப் போன் செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா? படுக்கை கீழ்த்தளத்திலா, மாடியிலா? வேன் நிறுத்த இடம் உண்டா? கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். முழங்கால் வலிக்காரரை இந்தியன் டாய்லெட்டிலிருந்து இரண்டு பேர் தூக்கிவிடுவதைவிட அந்தக் கூச்சம் பரவாயில்லை. இல்லை என்றால், மருத்துவ உபகரணக் கடையில் மடக்கும் கமோடு நாற்காலி கிடைக்கும். வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

2. நாளை நீங்களே பார்த்துவிடுங்கள்

வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு ஆயா நாள்காட்டியைத் திருப்பிப் பார்த்து "அன்னிக்குச் சூலம்டா" என்றால் வாதாடிப் பயனில்லை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, முன்பே பார்த்துவிடுங்கள். திங்கள், சனி கிழக்கே சூலம், செவ்வாய், புதன் வடக்கே, வெள்ளி, ஞாயிறு மேற்கே, வியாழன் தெற்கே. அதாவது மதுரை, திருநெல்வேலிப் பக்கம் வியாழக்கிழமை கிளம்பினால் பேச்சு வரும். அன்று காலை 6 முதல் 7.30 வரை எமகண்டமும் சேர்ந்துகொள்ளும். பெங்களூருக்குச் செவ்வாயும் புதனும் வேண்டாம் என்பார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டால் எந்தக் கிழமையிலும் ராகு காலம் குறுக்கே வராது.

ரோட்டுக்கும் ஒரு நாள்காட்டி இருக்கிறது:

தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலுக்கு ஏகப்பட்ட கூட்டம் வரும். தர்மபுரியைத் தாண்டிச் சேலம் ரோட்டில் நெரிசல் இருக்கும்.

பௌர்ணமியில் திருவண்ணாமலை கிரிவலம். கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிருங்கள்.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய இரண்டு நாளும் பெங்களூருவிலிருந்து தெற்கே வருகிற வண்டிகளால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி திணறும். விடுமுறை முடிகிற நாள் மாலையில் அதே கூட்டம் எதிர்ப்பக்கம் திரும்பும்.

3. வண்டி பேசுவது

ஆட்களை எண்ணும்போது மடியில் உட்காரும் குழந்தையைத் தவிர எல்லோரையும் எண்ணுங்கள். ஆறு பேர் வரை வாடகைக் கார் போதும். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை என்றால் நாம் டெம்போ டிராவலர் என்று சொல்கிற வேன். சட்டத்தில் மேக்ஸி கேப் என்பது டிரைவர் நீங்கலாகப் பன்னிரண்டு பேருக்குத்தான். பதினான்கு பேரை அடைத்தால் கூடுதல் தலைக்கு 200 ரூபாய் அபராதம். அதைக்கூடக் கட்டிவிடலாம், ஆனால் கூடுதலாக இருப்பவர்களை இறக்கி, அவர்களுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்த பிறகுதான் வேன் நகர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நடுவழியில் யாரை இறக்குவீர்கள்?

மஞ்சள் போர்டு வண்டிதான் எடுக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவர் தன் வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொல்வார். எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு. சொந்த உபயோகத்துக்கான காப்பீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டினால், விபத்து என்று வரும்போது காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டிக் கைவிரிக்கலாம்.

வாடகைக் கணக்குதான் பலரும் ஏமாறுகிற இடம். கிலோமீட்டர் ரேட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நாளுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு உதாரணத்துக்கு, கிலோமீட்டருக்கு 20 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர், பேட்டா நாளுக்கு 600 என்று வைத்துக்கொள்வோம். தர்மபுரியிலிருந்து மதுரை சுமார் 300 கிலோமீட்டர். போக, வர 600, உள்ளூரில் ஒரு 60. ஓடியது 660 தான். ஆனால் மூன்று நாள் என்பதால் 750க்குக் கணக்கு வரும்: 15,000 ரூபாய். பேட்டா 1,800. ஆக 16,800. டோலும் பார்க்கிங்கும் தனி. மிச்சமிருக்கும் 90 கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்பது முன்பே தெரிந்தால், வழியில் ஒரு கோவிலைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்.

பேசும்போதே கேட்க வேண்டியவை இன்னும் சில.

கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்குகிறது? ஷெட்டிலிருந்து ஷெட் வரை என்பதுதான் வழக்கம். தர்மபுரியில் இருந்துகொண்டு கிருஷ்ணகிரி வண்டியைப் பேசினால், அது வந்து சேர்வதற்கும் திரும்புவதற்குமே நூறு கிலோமீட்டர் ஏறும். பக்கத்து ஊர் வண்டியாகப் பாருங்கள்.

நாள் என்றால் 24 மணி நேரமா, நள்ளிரவு வரையா? எங்களுக்கு ஒருமுறை பில்லில் ஒரு நாள் கூடுதலாக இருந்தது. கேட்டால், "நைட் பன்னண்டு தாண்டிடுச்சுங்களே சார், ஒரு நாள் கணக்குதான்" என்றார் வண்டிக்காரர். வீட்டு வாசலில் இறங்கியபோது மணி பன்னிரண்டு நாற்பது. அதிலிருந்து இதை முதலிலேயே வாட்ஸாப்பில் எழுதி வாங்கிவிடுகிறேன்.

இரவு ஓட்டினால் தனி பேட்டா உண்டா? டிரைவர் எங்கே தூங்குவார்? ஏ.சி. நின்றிருக்கும்போதும் ஓடுமா, மலைப்பாதையில் அணைத்துவிடுவார்களா?

வெளிமாநிலம் என்றால் பர்மிட் யார் பொறுப்பு? நம் மாவட்டங்களின் சிக்கலே இதுதான். ஓசூரைத் தாண்டினால் கர்நாடகா, கிருஷ்ணகிரியைத் தாண்டிக் குப்பம் போனால் ஆந்திரா. பக்கத்து ஊருக்குப் போகிற மாதிரிதான் தோன்றும், ஆனால் வாடகை வண்டிக்கு அது வேறு மாநிலம். அகில இந்திய டூரிஸ்ட் பர்மிட் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தற்காலிக பர்மிட்டையும் அந்த மாநில வரியையும் கிளம்புவதற்கு முன்பே ஆன்லைனில் கட்டச் சொல்லி, ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அத்திப்பள்ளியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு உரிமையாளருக்குப் போன் போடுகிற நிலைமை வரக்கூடாது.

4. காகிதங்கள்

வண்டி எண் கிடைத்ததும் எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (வண்டி ஓட்டத் தகுதியானது என்ற சான்று), காப்பீடு எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். ஆர்.சி., பர்மிட், புகைச் சான்று, டிரைவரின் லைசென்ஸ் ஆகியவற்றை முந்தின நாளே கேட்டு வாங்கிப் பார்த்துவிடலாம். இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்கிற டிராவல்ஸ்காரரை விட்டுவிடுங்கள்.

சொந்தக் கார் என்றால் இந்தக் காகிதங்களோடு ஃபாஸ்டேக்கும் பார்க்க வேண்டும். செல்லுபடியாகாத டேக்கோடு போனால் ரொக்கமாகக் கொடுக்கும்போது இரண்டு மடங்கு, யு.பி.ஐ.யில் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பர் 15-ல் விதி வந்தது. வருடாந்திரப் பாஸ் ஒன்று 2025 ஆகஸ்ட் 15-ல் வந்தது, அப்போது விலை 3,000 ரூபாய்: 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. சொந்த உபயோகக் கார், ஜீப், வேனுக்கு மட்டும்தான். வாடகை வண்டிக்குக் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஊருக்குப் போகிறவர்களுக்கு அது தேவைப்படாது. மாதம் இரண்டு தடவை ஓசூருக்கும் சேலத்துக்கும் ஓட்டுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்களின் காகிதம்: பெரியவர்கள் எல்லோருடைய ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை. லாட்ஜில் தங்குவதாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள்.

5. மருந்துப் பை

இது பெட்டியோடு பெட்டியாகக் கேரியரில் போகக்கூடாது. தனிப் பை, உங்கள் காலடியிலேயே இருக்க வேண்டும். பயண நாட்களுக்கு மேல் மூன்று நாள் மாத்திரை கூடுதலாக வையுங்கள். மருந்துச் சீட்டைப் படமெடுத்து உங்கள் போனிலும் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போடுகிறவர் இருந்தால் கொஞ்சம் கவனம். பிரிக்காத இன்சுலினை வாயகன்ற பிளாஸ்கில் வைக்கலாம், ஆனால் ஐஸ் மேலேயே படக்கூடாது. உறைந்துபோன மருந்து உதவாது. நடுவில் ஒரு துண்டைச் சுற்றிவிடுங்கள். டேஷ்போர்டில் வெயில் படும்படி வைப்பது அதைவிட மோசம். சாப்பாட்டுக்கு முன் ஊசி போடுகிற பழக்கமுள்ளவருக்கு, இலையில் சாப்பாடு வந்த பிறகே ஊசியை எடுங்கள். "இதோ பத்து நிமிஷத்துல ஓட்டல் வந்துடும்" என்று வண்டியில் போட்டுவிட்டு, அந்த ஓட்டல் மூடியிருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். குளுக்கோஸ் பாக்கெட் ஒன்றும் கொஞ்சம் கடலைமிட்டாயும் கையோடு இருக்கட்டும்.

வாந்தி மாத்திரை டாக்டரைக் கேட்டு முன்பே வாங்கிவையுங்கள், குழந்தைகளுக்கு முக்கியமாக. அது கிளம்புவதற்கு முன்னால் போட வேண்டியது. வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

6. ஏற்றுவதும் உட்கார வைப்பதும்

டிராவலர் வேனின் முதல் படி முழங்கால் வலிக்காரருக்கு ரொம்ப உயரம். எங்கள் வீட்டில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு, குளியலறையில் போட்டு உட்காருகிற முக்கால் அடி உயர ஸ்டூல். ஆயாவின் இடது கை கைப்பிடியில், வலது கை டிரைவரின் தோளில், வலிக்காத கால் முதலில் ஸ்டூல்மேல். கீழே இறங்கும்போது நேர்மாறாக, வலிக்கிற கால் முதலில். இந்த ஸ்டூல் இல்லாத பயணத்தில் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று ஆயா உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதை மறக்காமல் எடுத்துப்போடும் வேலையைப் பத்து வயதுக்கு மேல் உள்ள ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். பொறுப்பாகச் செய்வார்கள்.

பெரியவர்களுக்கு முன் வரிசை அல்லது நடு வரிசை. கடைசி வரிசை பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போடும். அதை இருபது வயதுக்காரர்களுக்கு விடுங்கள். வாந்தி வருகிற பிள்ளைக்கு ஜன்னலோரம், கையில் போன் கூடாது. காரில் போகிறவர்கள் கவனிக்க: 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் இருந்தால் 1,000 ரூபாய் அபராதம்.

7. தொப்பூரைத் தாண்டிச் சாப்பாடு

தெற்கே போகிறவர்களுக்குத் தர்மபுரியை விட்டதும் பாளையம் சுங்கச்சாவடி, அப்புறம் தொப்பூர் கணவாய். சேலம் போகும் திசையில் நீண்ட இறக்கம். சரக்கு லாரிகள் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போவதும், டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும்தான் இங்கே விபத்துகளுக்குப் பெரிய காரணம். டிரைவரிடம் சொல்லிவையுங்கள்: பாரம் ஏற்றிய லாரிக்கு நேர் முன்னால் இறங்க வேண்டாம், விட்டுவிட்டுப் பின்னால் வரட்டும். மழையிலும் நடுராத்திரியிலும் இந்த இடத்தைக் கடக்காதபடி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ஐந்து மணி என்கிறேன்.

பிள்ளைகளுக்கு இட்லி, பூரி எல்லாம் தொப்பூருக்கு அப்புறம். அதற்கு முன் இரண்டு பிஸ்கட் போதும். வளைவுகளில் வெளியே வரப்போவதை முன்கூட்டி உள்ளே தள்ளாதீர்கள்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், யாரும் கேட்காவிட்டாலும். வயதானவர்கள் "வழியில ஒண்ணுக்குப் போகணுமே" என்று தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். மதியத்துக்குள் தலைசுற்றல் வந்துவிடும். இன்ன இடத்தில் நிறுத்தப்போகிறோம், அங்கே வசதியான கழிப்பறை இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட்டால் தைரியமாகக் குடிப்பார்கள். பெட்ரோல் பங்க்கைவிட நெடுஞ்சாலை ஓட்டல்களில் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் இளையவர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும், அப்புறம் ஸ்டூலைப் போடலாம். கூகுள் மேப் ஐந்து மணி நேரம் என்று காட்டினால் ஏழரை மணி நேரம் என்றுதான் மாமன் வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

ஆத்திர அவசரத்துக்கு: நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033, ஆம்புலன்சுக்கு 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து என்றால் "நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவில் கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

8. கொண்டுபோவதும் அங்கே நடந்துகொள்வதும்

வெறுங்கையோடு போக முடியாது. மாம்பழ சீசனாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், கிருஷ்ணகிரிக்காரர் மாம்பழம் இல்லாமல் போனால் கேட்பார்கள். பெங்களூராவைக் கூழ் கம்பெனிக்கு விட்டுவிட்டு செந்தூராவோ அல்போன்சாவோ வாங்குங்கள். பழுத்ததாக வேண்டாம், செங்காயாக, வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டியில். மூடிய ஏ.சி. வண்டியில் பழுத்த மாம்பழ வாசனை மணிக்கணக்கில் நின்றால் வாந்தி வராதவருக்கும் வரும். வீட்டுக்கு ஒரு பெட்டி, மேலே பெயர் எழுதியது. பிள்ளைகள் கையில் கொடுக்கப் பத்து, இருபது ரூபாய் சில்லறை இல்லாமல் நூறு, இருநூறு நோட்டாக மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் கொடுத்தது இன்னொரு வீட்டுக்குத் தெரியும், ஒரே தொகையாக இருக்கட்டும்.

துக்க வீட்டுக்கு இனிப்பும் பூவும் எடுத்துப்போகக்கூடாது, கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக்கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். நம் பிள்ளைகள்தான் வாசல்வரை வந்து கையசைத்து உரக்கச் சொல்வார்கள்.

சர்க்கரைக்காரருக்கு என்ன கொடுக்கலாம் என்று போகும் வீட்டுக்கு முதல் நாளே போனில் சொல்லுங்கள். நேரில் போய்த் தடுத்தால் யாரும் கேட்பதில்லை.

9. கணக்கு முடிப்பது

ஏறும்போதும் இறங்கும்போதும் கிலோமீட்டர் மீட்டரைப் படமெடுங்கள். டோல் கழிந்த விவரத்தை உரிமையாளரின் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியிலிருந்து கேட்டு வாங்குங்கள். தோராயமாக ஒரு தொகை சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சுங்கச்சாவடியில் 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இரண்டு தடவைக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான் ஆகும், அந்தச் சலுகை உங்கள் கணக்கில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பேட்டாவை டிரைவர் கையிலேயே கொடுங்கள். வாடகையை உரிமையாளருக்கு அனுப்புவதற்கு முன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்: கண்ணாடி, பல்செட் டப்பா, கைத்தடி, சார்ஜர், அப்புறம் அந்த ஸ்டூல்.